பதினான்கு நாள் சீழ்க்கை

டிசம்பர் 5, செவ்வாய்

மகள் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று அனுப்பியிருக்கிறாள். "ரிட்டையர் ஆகறதுக்கு இன்னும் நாலு மாசந்தானப்பா, தெனமும் ரெண்டு வரி எழுதி வைங்க" என்று போனில் சொன்னாள். முப்பத்து நான்கு வருடமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ரோந்து நோட்டில் தேதி, போன பாதை, திரும்பிய நேரம், கடைசியில் 'விசேஷம் ஏதுமில்லை', கீழே வனக்காப்பாளர் வெள்ளிங்கிரி என்று கையெழுத்து. அந்த இரண்டு சொல்லுக்குள் நான் போட்டு மூடியதையெல்லாம் எழுதப் புகுந்தால் இந்த நோட்டு பத்தாது.

கூழாங்கல்பள்ளம் முகாமில் இப்போது நாங்கள் மூன்று பேர். நான், வாட்சர் சடையன், ஏட்டு. ஏட்டு என்பது நாய். யார் வந்தாலும் காலை மோந்து விசாரணை நடத்தித்தான் உள்ளே விடுவான் என்பதால் அந்தப் பெயர். முகாமில் நாய் வளர்க்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. உத்தரவு போட்டவர் யானை வரும் பாதையில் ஒரு வாரம் படுத்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

காலையில் தீத்தடுப்புக் கோட்டில் செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்தோம். பதினொன்று. கூட்டத்துக்குத் தலைவி, பெரியம்மா என்று கூப்பிடுகிறோம், வயிறு தரையைத் தொட நடக்கிறாள். மார்கழி பாதிக்குள் குட்டி போட்டுவிடுவாள்.

டிசம்பர் 8, வெள்ளி

உடுமலையிலிருந்து மயிலாத்தாள் போன் செய்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரவில்லையாம். அதைச் சொல்லி முடித்ததும் பேச்சு எப்போதும் போல இங்கே வந்து நின்றது.

"செந்நாய் இருக்குதுங்களா?"

"இருக்குது. பெரியம்மா சூலாயிருக்கறா."

"ஏனுங், அந்தக் காலத்துல நம்ம குவார்ட்டர்சுக்குப் பின்னால வந்து சீட்டியடிக்கும். பாப்பா அதக் கேட்டுத்தான் தூங்கும்." "அந்தக் கறி ருசி இன்னும் நாக்குலயே நிக்குதுங்க. கடைக் கறியில அது வரமாட்டேங்குது."

தொண்ணூற்று நான்கில் கல்யாணமாகி நேரே இந்தப் பள்ளத்துக்குத்தான் வந்தாள். ஓட்டு வீடு, ஒரு அறை, அடுப்படி. கரண்ட் கிடையாது. பதினோரு வருடம் இருந்தோம். பாப்பாவை ஆறாம் வகுப்பில் சேர்க்க அவர்கள் கீழே இறங்கிப் போனபோது, போகிறோம் என்று அவள் அழவில்லை. வெறும் வீட்டில் நான்தான் அழுதேன். அதை ரோந்து நோட்டில் எழுதவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

விடிந்து அரைமணி நேரம் இருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் புள்ளிமான் கத்தியது. பிறகு சீழ்க்கை. செந்நாய் குரைக்காது. புதருக்குள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது சீழ்க்கையடித்துத்தான் இடம் சொல்லும். ஒன்று கூப்பிடும், இன்னொன்று பதில் கொடுக்கும். பதில் வராவிட்டால் கூப்பிட்ட இடத்திலேயே நின்று மறுபடி கூப்பிடும்.

இரண்டு நாய்கள் மானைத் தண்ணீருக்குள் இறக்கின. மற்றவை எதிர்க்கரையில் முன்னமே உட்கார்ந்திருந்தன. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கொடுமையான சாவு என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் செந்நாயைக் கொன்று வாலைக் காட்டினால் சர்க்காரே பரிசு கொடுத்தது. ஆனால் இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடும் மிருகத்தை நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் குட்டிகள் இருந்தால் முதல் பந்தி குட்டிகளுக்குத்தான். பெரியவை சுற்றி நின்று காவல் காக்கும். நம் கல்யாண வீடுகளில் அப்படி நடந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

காக்காய் கூடியது. எனக்குக் கை துறுதுறுத்தது.

சடையனுடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பங்கு கேட்பது என்பார்கள். செந்நாய் அடித்த இடத்துக்கு வெறுங்கையோடு போய், கையைத் தட்டிக்கொண்டே "எங்க பங்கு, எங்க பங்கு" என்று சொல்ல வேண்டும். அவை முப்பது அடி தள்ளிப் போய் உட்காரும். ஒரு பின்னங்காலை மட்டும் எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்துவிட வேண்டும். ஒருநாளும் எங்கள் மேல் பாய்ந்ததில்லை. மயிலாத்தாள் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்டு வைப்பாள். சட்டம் அப்போதும் இருந்தது, கேட்க ஆள் வரவில்லை. அவர்கள் கீழே போனதோடு நானும் நிறுத்திவிட்டேன். பதினெட்டு வருடம் ஆகிறது.

"வேண்டாங்க சாரு" என்றான் சடையன். "எங்க ஆளுகளே உட்டுட்டோம். ரிட்டையராகப் போற நேரத்துல எதுக்குங்க?"

ஏட்டு வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குகிறான். அவனுக்காகத்தான் ஒரு காலை எடுத்தேன். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ரோந்து நோட்டு: விசேஷம் ஏதுமில்லை.

டிசம்பர் 14, வியாழன்

அரிசி, பருப்பு வாங்க சடையன் கீழே அவனுடைய குடியிருப்புக்குப் போனான். ஏட்டும் கூடப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினான். அங்கே நான்கு நாய்களோடு சண்டை போட்டானாம். காதில் கடி.

பால் வண்டியில் மயிலாத்தாளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டேன். மலைத்தேன் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். தேனைத் துணியில் கட்டி, உப்புக்கண்ட நெடியோடு யார் அனுப்புவார்கள் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

டிசம்பர் 23, சனி

பெரியம்மா நான்கு நாளாக வெளியே வரவில்லை. கூனிப்பாறைக்கு அடியில் உள்ள பொந்தில் குட்டி போட்டுவிட்டாள். மற்றவை வேட்டைக்குப் போய் வயிறு உப்பத் திரும்புகின்றன, பொந்து வாயில் கக்கிக் கொடுத்துவிட்டு ஒட்டிய வயிறோடு வெளியே வருகின்றன. போன வருடத்துக் குட்டி ஒருத்தி இருக்கிறாள், சின்னவள் என்று கூப்பிடுகிறேன். அவள் வேட்டைக்கே போவதில்லை. பாறை மேல் உட்கார்ந்து காவல் பார்க்கிறாள். கழுகு பறந்தால்கூட எழுந்து நிற்கிறாள்.

பாப்பா பிறந்தபோது மயிலாத்தாளின் தங்கச்சி மூன்று மாதம் எங்களோடு வந்து இருந்தாள். இதே மாதிரிதான், வாசலை விட்டு நகரமாட்டாள். மயிலாத்தாளிடம் போனில் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

டிசம்பர் 30, சனி

இந்த முறை கடமான். நல்ல பனி, ஐம்பதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் கையைத் தட்டிப் போனேன். அவை விலகி உட்கார்ந்தன. ஏட்டைக் கட்டிப் போட்டுவிட்டுத்தான் வந்தேன், எப்படியோ கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டான். எனக்கு முன்னால் போய் வயிற்றுக்குள் முகத்தை விட்டான். இழுத்துப் பார்த்தேன், உறுமுகிறான். செந்நாய்கள் சீழ்க்கையடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் ஆயிற்று அவனைப் பிரித்து எடுக்க. நாங்கள் நகர்ந்ததும் அவை வந்து அதே இடத்தில் வாய் வைத்தன.

ஏட்டு தும்மிக்கொண்டே வந்தான். மூக்கு ஒழுகுகிறது. பனி.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். முகாமில் சடையன் பொங்கல் வைத்தான். அடி பிடித்துவிட்டது, சாப்பிட்டோம்.

மயிலாத்தாள் போனில், "தேன் ரொம்ப ருசிங்க. இன்னுமே அனுப்பாதீங்க, பயமாயிருக்குது" என்றாள். பிறகு, "கொஞ்சம்னா அனுப்புங்க" என்றாள்.

ஏட்டுக்குக் கண்ணில் பூளை தள்ளுகிறது. கஞ்சி மட்டும் குடிக்கிறான்.

ஜனவரி 19, வெள்ளி

ஏழு.

பாறை வெயிலுக்கு வந்துவிட்டன. இன்னும் செம்மை ஏறவில்லை, கரிச்சட்டி துடைத்த துணி மாதிரி ஒரு நிறம். ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகின்றன. சின்னவளின் வாலைப் பிடித்து மூன்று குட்டிகள் தொங்கின. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வேட்டைக்குப் போன கூட்டம் திரும்பியதும் ஏழும் ஓடிப்போய்ப் பெரியவற்றின் வாயை நக்கி நக்கிக் கேட்டன. ஒரு கிழ ஆண் இரண்டு முறை கக்கியது, மூன்றாம் முறை வயிற்றில் ஒன்றும் இல்லை. அப்படியும் குனிந்து முக்கிப் பார்த்தது.

சடையனும் நானும் எதிர்ப் பாறையில் குப்புறப் படுத்திருந்தோம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சடையன் பார்த்துவிட்டு, "வயசாயிருச்சுங்க சாரு உங்களுக்கு" என்றான். இந்த ஏழும் காலூன்றி ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஜனவரி 25, வியாழன்

கால்நடை டாக்டர் பெனாசிர் வந்தார். எங்கள் வனச்சரகத்துக்குப் புதிதாக வந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். மேடேறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். கீழே குடியிருப்பில் மார்கழியிலிருந்து நாய்கள் சாகின்றனவாம். டிஸ்டெம்பர் என்று பெயர்.

"வெறி இல்லண்ணா, இது வேற. சளி, எச்சில், ஒரே தட்டுல தின்னாப் போதும், ஒட்டிக்கும். முதல்ல மூக்கு ஒழுகும், கண்ணுல பூளை. அப்புறம் காலு வெட்டி வெட்டி இழுக்கும். செந்நாய்க் கூட்டத்துக்குள்ள போச்சுன்னா கூண்டோட போயிரும். குட்டி வேற போட்டிருக்குன்னு சொல்றாங்க." என் முகத்தைப் பார்த்தார். "உங்க முகாம்ல நாய் இருக்காண்ணா?"

ஏட்டு சாமான் அறையில் சாக்கின் மேல் படுத்திருந்தான். யார் வந்தாலும் குரைக்கிறவன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

"நாயெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா" என்றேன்.

சடையன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் டீ குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 29, திங்கள்

ஏட்டு போய்விட்டான். முகாமைச் சுற்றியுள்ள யானை அகழிக்கு உள்பக்கம் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். ரோந்து நோட்டு: விசேஷம் ஏதுமில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

ஓடையில் செந்நாய் ஒன்று தனியாக நின்றது. அந்தக் கிழ ஆண். நான் இருபதடியில் வந்தும் ஓடவில்லை. தலை ஆடிக்கொண்டே இருந்தது. பின்னங்கால் ஒன்று வெட்டி வெட்டி இழுத்தது.

முள் குத்தியிருக்கலாம்.

பிப்ரவரி 7, புதன்

டாக்டர் பெனாசிர் ஊசித் துப்பாக்கியோடும் இரண்டு ஆட்களோடும் வந்துவிட்டார். எங்கெங்கோ எழுதிப் போட்டுத் தடுப்பு மருந்து வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு டோஸ்தான் கிடைத்ததாம்.

"ஒரு கூட்டத்துக்குத்தாண்ணா வரும். மேட்டுக்கு அந்தப் பக்கம் கரடிச்சோலைக் கூட்டம் இருக்கு, பெருசு பன்னெண்டு, குட்டி ஒன்பது. இங்க பெருசு பதினொண்ணு. நோய் இந்தப் பக்கம் பக்கத்துல இருக்கறதால இவங்களுக்கே போட்டுரலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். பெருசுங்க நோயக் கொண்டுவரலன்னா குட்டிங்க தப்பிச்சுரும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"ஒண்ணு மட்டும் உறுதியாத் தெரியணும்" என்றார். "ஏற்கெனவே உள்ள நுழைஞ்சிருந்தா இந்த ஊசியால பிரயோஜனமில்ல. மருந்து பிடிக்க இருபத்தியொரு நாள் ஆகும், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும். அப்படின்னா இங்க ஒரு சொட்டுக்கூட வீணாக்காம கரடிச்சோலைக்குப் போயிரணும். தெனமும் பாக்கறவரு நீங்கதான். ஏதாச்சும் நொண்டுதா? மூக்கு ஒழுகுதா?"

"இல்லீங்க" என்றேன்.

செந்நாயைச் சீழ்க்கையடித்துக் கூப்பிட எனக்குத் தெரியும் என்று சடையன் அவரிடம் சொல்லியிருந்தான். நாளைக் காலை நான் கூப்பிட வேண்டும், வெளியே வந்ததும் அவர் சுடுவார்.

பிப்ரவரி 8, வியாழன்

எழுத வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

கூனிப்பாறைக்கு எதிரே தழை கட்டி மறைவு போட்டிருந்தோம். வெயில் வந்ததும் நான் உதட்டைக் குவித்து அடித்தேன். இரண்டு மூச்சில் பதில் வந்தது. சின்னவள் முதலில் இறங்கினாள். பிறகு பெரியம்மா, பிறகு மற்றவை. பளபளவென்று இருந்தன. ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. டாக்டர் துப்பாக்கியை நிமிர்த்திவிட்டு எண்ணினார்.

"பத்துதாண்ணா இருக்கு. இன்னொண்ணு எங்க?"

வேட்டைக்குப் போயிருக்கும் என்று சொன்னால் போதும். நாக்கு நுனியில் இருந்தது. குட்டிகளில் ஒன்று பொந்து வாயில் தலையை நீட்டிப் பார்த்தது. ஊசி போட்டால் ஒருவேளை பிழைத்துவிடுமோ, டாக்டருக்கு எல்லாம் தெரியுமா, கணக்கு தப்பாகக்கூட இருக்கலாமே என்று என் மனம் கெஞ்சியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒன்பது குட்டிகளை நான் பார்த்ததே இல்லை. பார்க்காததை விட்டுக்கொடுப்பது சுலபம். ஆனால் அங்கேயும் பாறை மேல் ஒருத்தி உட்கார்ந்து கழுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"டாக்டரம்மா, துப்பாக்கியக் கீழ வெச்சுருங்க" என்றேன். "எங்கிட்ட நாய் இருந்துச்சு. செத்துப்போச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். பங்கு கேட்டது, முப்பதாம் தேதிக் கடமான், ஏட்டு வாய் வைத்தது, அதே இடத்தில் அவை வாய் வைத்தது, கிழ ஆணின் கால். அவர் நோட்டை எடுத்துத் தேதிகளை மட்டும் கேட்டுக் கேட்டு எழுதினார்.

"நான் வந்தன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "உங்களுக்கு எப்படிண்ணா மனசு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

கிளம்பும்போது மருந்துப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். எங்களைத் தொட விடவில்லை. பத்து செந்நாய்களும் வெயிலில் படுத்திருந்தன.

பிப்ரவரி 10, சனி

ரேஞ்சர் கூப்பிட்டு விசாரித்தார். சஸ்பென்ஷன் வரும், மார்ச் கடைசியில் ஓய்வு பெற விடமாட்டார்கள். என்னைவிட வயதில் சின்னவர், திட்ட அவருக்கு வாய் வரவில்லை. "நாய்க்காகவா இத்தன வருஷ சர்வீசக் கெடுத்தீங்க?" என்றார்.

இந்த நோட்டிலும் நாய்க்காக என்றுதான் எழுதியிருக்கிறேன். பொய். எனக்காகத்தான் எடுத்தேன். மிளகு போட்டு வதக்கினால் அந்த ஓட்டு வீடு, அந்த அடுப்படி, நனைந்த விறகை ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிற மயிலாத்தாள் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று நினைத்தேன். வந்தது, ஒரு வேளைக்கு. ஏட்டுக்கு நான் எலும்புதான் போட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மயிலாத்தாளிடம் சொல்லிவிட்டேன்.

"நாந்தானுங் கேட்டேன்" என்றாள். "நாக்குல நிக்குதுன்னு சொன்னவ நாந்தான. என்னையும் சேத்திக்கங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"தேனுன்னா எறும்பு வருமுங்க. அது கூடவா தெரியாது எனக்கு."

பிப்ரவரி 15, வியாழன்

கரடிச்சோலையில் கடைசி ஊசியும் போட்டாயிற்று என்று சடையனுடைய போனுக்கு டாக்டர் செய்தி அனுப்பியிருக்கிறார். எனக்கு அனுப்பவில்லை.

பிப்ரவரி 17, சனி

பெரியம்மா ஓடைத் தண்ணீரில் கிடந்தாள்.

பிப்ரவரி 19, திங்கள்

இன்னும் நான்கு. டாக்டர் வந்து கையுறை போட்டுக் அறுத்துப் பார்த்தார். புதைக்க நானும் சடையனும் குழி வெட்டினோம். டாக்டர் மண் தள்ளும்போது என் பக்கம் திரும்பாமல், "டீ இருக்காண்ணா?" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

குட்டிகள் வெளியே வருவதில்லை. பொந்திலிருந்து நாற்றம் வருகிறது.

சின்னவள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். அவளுக்கும் மூக்கு ஒழுகியது, எப்படியோ தேறி வருகிறாள். காட்டு முயல் பிடித்து வந்து பொந்து வாயில் கக்கினாள். வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. கக்கியதைத் தானே வாயில் எடுத்து இன்னும் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மறுபடி வெளியே வந்து நின்றாள். இதை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் இதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் பாறை மேல் ஏறிச் சீழ்க்கையடித்தாள். பதில் இல்லை. மேட்டுப் பக்கம் திரும்பி நின்று அடித்தாள்.

பிப்ரவரி 22, வியாழன்

டாக்டர் ஓடிவந்தார். சின்னவள் மேட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறாள் என்று சடையன் சொல்லியிருக்கிறான்.

"தனியா ஆனது வேற கூட்டத்தத் தேடிப் போகும். கரடிச்சோலைக்குப் போனா அவங்க சேத்துக்கலாம், சேத்துக்காமலும் இருக்கலாம். ஆனா இப்பப் போனா எல்லாம் போச்சு. ஊசி போட்டு ஒரு வாரந்தான் ஆகுது. மருந்து பிடிச்சு, இவ உடம்புலயும் நோய் ஒழியணும், மார்ச் ஏழு வரைக்கும் இவ அந்த மேட்ட ஏறக்கூடாது. பிடிச்சு வைக்க இங்க கூண்டில்ல. மேல கேட்டா சுடச் சொல்லுவாங்க." பிறகு என்னை நேராகப் பார்த்தார், பதினைந்து நாளில் முதல் முறையாக. "உங்க சீட்டிக்கு அவ பதில் குடுக்கறாளா?"

ரேஞ்சரிடம் போனில் பேசினார். ரேஞ்சர் என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். "ஆர்டர் என் மேசையில இருக்கு. மார்ச் எட்டாம் தேதி வந்து வாங்கிக்கங்க. அது வரைக்கும் நான் பாக்கல."

பிப்ரவரி 23, வெள்ளி

முதல் நாள். விடியும்போது அவள் கூப்பிட்டாள். நான் ஓடைப் பக்கமிருந்து பதில் கொடுத்தேன். ஓட்டமாக வந்தாள். நான் மரத்தில் இருந்தேன். கீழே மூன்று சுற்றுச் சுற்றி மோந்தாள், ஒன்றும் இல்லை. திரும்பப் பாறைக்குப் போனாள். சாயங்காலம் தீத்தடுப்புக் கோட்டிலிருந்து கொடுத்தேன். மறுபடி ஓடிவந்தாள்.

பிப்ரவரி 26, திங்கள்

ஒரே இடத்திலிருந்து அடித்தால் சந்தேகம் வரும் என்று சடையன் சொன்னான். அவனும் அடிக்கப் பழகிவிட்டான். நான் ஓடையில், அவன் தேக்கங்காட்டில். இரண்டு பக்கம் பதில் கேட்டதும் அவள் தரையில் உருண்டு எழுந்து குதித்தாள். கூட்டம் பக்கத்திலேயே இருக்கிறது, வேட்டையில் இருக்கிறது, வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பொய் எழுதியிருக்கிறேன், மேலதிகாரிக்கு, டாக்டருக்கு, எனக்கே. இவளிடம் சொல்கிற பொய்தான் நெஞ்சை அறுக்கிறது.

மார்ச் 1, வெள்ளி

மயிலாத்தாள் கேட்டாள், "இன்னிக்குக் கூப்புட்டாளா?"

"கூப்புட்டா."

"என்னன்னு?"

"எங்கிருக்கறீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இங்கதான் இருக்கறோம்னு."



மார்ச் 4, திங்கள்

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. உதடு வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடித்தேன். காலையில் சின்னவள் மேட்டில் பாதி ஏறிவிட்டாள். சடையனும் நானும் மாறி மாறி அரைமணி நேரம் அடித்த பிறகுதான் இறங்கினாள்.

சின்னவள் மெலிந்துவிட்டாள். ஒற்றையாய் மான் அடிக்க முடியாது, எலியும் முயலும்தான். சீழ்க்கையைத் தேடி ஓடுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. டாக்டரிடம் சொன்னேன். "இன்னும் மூணு நாள்ணா" என்றார்.

மார்ச் 7, வியாழன்

பதினான்காம் நாள். டாக்டர் முகாமுக்கே வந்துவிட்டார். "இன்னிக்கோட போதும்ணா. நாளையிலேர்ந்து அவ போகலாம். போகணும். இங்க இருந்தா செத்துருவா. நீங்க பதில் குடுத்தா போகமாட்டா."

சாயங்காலம் கடைசியாக அடித்தேன். ஓடைக்கரைக்கு வந்து, நான் இருந்த மரத்தடியிலேயே சுருண்டு படுத்துக்கொண்டாள். இருட்டும் வரை நான் இறங்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

விடிவதற்கு முன்னால் சடையன் எழுப்பினான். எதிர்ப் பாறையில் போய்ப் படுத்தோம். டாக்டரும் வந்தார்.

சின்னவள் கூனிப்பாறையில் ஏறிக் கூப்பிட்டாள். நின்று கேட்டாள். கூப்பிட்டாள். எனக்கு உதடு தானாகக் குவிந்தது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். சடையன் என் முதுகில் கையை வைத்து அழுத்தியபடியே இருந்தான். "உடுங்க சாரு, உடுங்க" என்றான்.

ஓடைப் பக்கம் ஓடிப் பார்த்தாள். தீத்தடுப்புக் கோட்டுக்கு ஓடினாள். தேக்கங்காட்டுக்கு ஓடினாள். நாங்கள் பதில் கொடுத்த ஒவ்வொரு இடத்திலும் நின்று கூப்பிட்டாள், ஒன்றையும் மறக்கவில்லை. வெயில் ஏறியது. கடைசியாகப் பொந்து வாயில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். பாதியில் உட்கார்ந்தாள். மறுபடி ஏறினாள். உச்சியில் அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

ஒன்றும் வரவில்லை. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டாள். நான் துண்டைக் கடித்தபடி, யாராவது கொடுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மேட்டுக்கு அப்பாலிருந்து, தூரத்தில், ஒரு சீழ்க்கை வந்தது. சின்னவள் காதை நிமிர்த்தினாள். இன்னொன்று வந்தது. சடையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் துண்டை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.